நாலு நிமிட உரை

"அந்த நாலாம் அத்தியாயத்தை மட்டும் தூக்கிடு பிள்ள. சாயங்காலமே டாக்டர் ரட்சனி ஆயிடலாம்" என்றார், அவளது ஆராய்ச்சி வழிகாட்டி ஆஜான் விரோட். தாய்லாந்தில் பேராசிரியரை ஆஜான் என்பார்கள்.

ரட்சனி தேர்வுக் குழுவினரின் மேசையில் சிற்றுண்டிப் பெட்டிகளை வைத்துக்கொண்டிருந்தாள். "அதைத் தூக்கினா மிச்சம் எல்லாம் உங்களோடதுதாங்க, ஆஜான்" என்றாள்.

அவளுடைய ஐந்து வருட உழைப்பு அந்த அத்தியாயம்.

ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினின் மஞ்சள் கரைசல் நீல விளக்கில் பச்சையாக ஒளிரும். ஒரு சொட்டு செம்பு உப்பு அதை அணைத்துவிடும் என்பது விரோட்டின் கண்டுபிடிப்பு. அதற்காக ஒரு பதக்கமும், கோன் கேன் நகரெங்கும் அவர் படம் போட்ட பதாகைகளும் கிடைத்திருந்தன.

செம்பு அணைக்கவில்லை, விளக்கே அணைக்கிறது என்றது அவளது அத்தியாயம். காற்று நீக்கிய குப்பியில் ரிபோஃபிளேவின், ஒளி பட்டதும் கரைசலில் முன்பே கலந்திருக்கும் வேறொரு உப்பிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்து நிறமிழக்கும், ஒளிர்வதையும் நிறுத்தும். காற்றுப் பட்டால் மறுபடி மஞ்சளாகும்.

வெளியூர்த் தேர்வாளர் ஆஜான் புஸபா தேங்காய்ப்பால் பணியாரத்தை மென்றபடி சொன்னார்: "ரெண்டு பேரும் ஏன் சண்டை போடுறீங்க? செஞ்சு காட்டிட்டாப் போச்சு."

ரட்சனி குப்பியை விளக்கின்முன் வைத்தாள். தட்டில் இரண்டு ஊசிகள் இருந்தன, பெயரெழுதி ஒட்டிய சீட்டுகளோடு.

பதினோரு வருடமாக ஆய்வகத்தில் காப்பிக் கோப்பையைத் தவிர எதையும் தொடாத விரோட், விருந்தாளிகள் இருந்ததால் முந்திக்கொண்டு ஒரு ஊசியை எடுத்தார்.

"ஆஜான், அது..." என்று ரட்சனி தொடங்கினாள். அவர் கையமர்த்தினார்.

அவள் விலகி நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ரப்பர் மூடி வழியாக ஒரு சொட்டு உள்ளே போனது. குப்பி பச்சையாகவே ஒளிர்ந்தது.

"செம்புக்குக் கொஞ்சம் அவகாசம் குடுக்கணும்" என்று விரோட் உரையைத் தொடங்கினார். துறைத்தலைவருக்கு நன்றி சொன்னார். ஜெர்மனியில் பனியில் நடந்து படித்ததைச் சொன்னார். பதக்கம் வாங்கிய அன்று பெய்த மழையையும் விடவில்லை.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நிமிடம் பச்சை மங்கியது. நான்காம் நிமிடம் குப்பி இருண்டது.

"பாத்தீங்களா? செம்பு தன் வேலையைக் காட்டிருச்சு!"

பலமான கைத்தட்டல். துறைத்தலைவர் வாயில் பணியாரத்தோடு தட்டினார்.

புஸபா குறிப்பில் எழுதினார்: 'செம்பு சேர்த்ததால் ஒளிர்வு அணைந்தது.' விரோட் கேட்டு வாங்கி, பக்கத்தின் பாதியை அடைத்துக் கையெழுத்திட்டார்.

"செம்பு எவ்வளவு?" என்றார் புஸபா.

எண்கள் என்றால் எப்போதும் செய்வதுபோல விரோட் ரட்சனியின் பக்கம் திரும்பினார்.

"பூஜ்யங்க" என்றாள். "ஆஜான் எடுத்தது, ஒப்பிட்டுப் பாக்க வெச்ச தண்ணி ஊசி. செம்பு இன்னும் தட்டுலயே இருக்கு."

விரோட் கையிலிருந்த ஊசியின் சீட்டை முதல்முறையாகப் படித்தார்.

அவள் மூடியைத் திறந்து குப்பியைக் குலுக்கினாள். மஞ்சள் திரும்பி வந்தது.

புஸபா 'செம்பு சேர்த்ததால்' என்பதை அடித்தார். மேலே 'வெளிச்சம் பட்டதால்' என்று எழுதினார்.

பிறகு காகிதத்தை விரோட்டிடம் நீட்டினார். "திருத்தத்துக்குப் பக்கத்துலயும் ஒரு கையெழுத்துங்க, ஆஜான். சின்னதா இருந்தாப் போதும்."