ஏழு கோடி குறையுது

"ஏழு கோடி குறையுதுங்க. மூணு தடவை பார்த்துட்டேன்" என்று மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கி நின்று போனில் கிசுகிசுத்தாள் மருமகள்.

"அப்பாகிட்ட இப்பச் சொல்லாத. நாளைக்கு விழா முடியட்டும்" என்றான் மறுமுனையில் கணவன்.

"பித்தளையில ஏத்திட்டா அப்புறம் எப்படி இறக்கறது?"

பணம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வீட்டில் கோடி என்றால் வருஷக் கணக்குதான். மாமனார் பாறை ஆராய்ச்சிக்காரர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஓடை வளைவில், பழைய கடல் சேறு இறுகிப் பாறையாகிப்போன அடுக்கில், ஏதோ ஒரு புழு ஊர்ந்துபோன தடத்தைக் கண்டுபிடித்தவர். அறுபத்திரண்டு கோடி வருஷத்துக்கு முந்தியது, உலகத்தில் முதன்முதலாக நகர்ந்த பிராணி இதுதான் என்று சொல்லிச் சொல்லியே பேரெடுத்தவர். நாளைக் காலை மியூசியத்தில் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் பொறித்த பித்தளைப் பலகையை அவரே திறந்துவைக்கப் போகிறார்.

மருமகளுக்குப் பாறைகளின் வயதைக் கணக்கிடும் ஆய்வகத்தில் வேலை. போன மாதம் அங்கே அனுப்பியவர் பெயர் இல்லாமல் ஒரு பொட்டலம் வந்தது. கல்லை உடைப்பது கீழ்த்தளத்து ஆட்களின் பாடு. அவள் மேசைக்கு வருவது கல்லுக்குள்ளிருந்து பிரித்தெடுத்த மணல் போன்ற படிகங்களும் கூட வந்த சீட்டும்தான். 'ஓடை வளைவு, ஏழாவது அடுக்கு, புழுத் தடத்துக்கு ஒரு சாண் கீழே' என்று சீட்டில் தட்டச்சாகியிருந்தது. படித்ததுமே இது மாமனாரின் புழு என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

கூடத்தில் மாமனார் நாளைய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் காபியோடு வெளியே வர, பின்னாலேயே சமையலறைக் கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொண்டது.

"அங்க ஒரு கல்லு முட்டுக் குடுத்திருந்துச்சே, எங்க?" என்றார் மாமனார்.

"அது கிடக்கட்டும், நீங்க பேச்சைப் பாருங்க."

"'அன்று என்னோடு ஓடையில் இறங்கியவர் என் மனைவி மட்டுமே. நான் சொல்லச் சொல்ல அவர்தான் குறிப்பெழுதினார்.' எப்படி?"

"மூட்டை தூக்கினதும் நான்தான். அதையும் சேருங்க" என்றாள் மாமியார். "எண்ணு சரிதானான்னு ஒரு தடவை பார்த்துட்டீங்களா?"

"முப்பது வருஷமா அதே எண்ணுதானே? ஊருக்கே மனப்பாடம்."

மருமகள் ஆய்வகக் கணக்குக் காகிதத்தோடு கூடத்துக்கு வந்தாள். "மாமா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"பேச்சு நீளமா இருக்கா?"

"பேச்சு இல்ல மாமா. புழு."

காகிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். சேற்றுப் பாறைக்கு நேரடியாக வயது பார்ப்பது கஷ்டம், நடுவில் எரிமலைச் சாம்பல் விழுந்திருந்தால் அதில் பார்த்துவிடலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததா என்ன. தடத்துக்குக் கீழே கிடந்த சாம்பலின் வயதே ஐம்பத்தைந்து கோடி. அதன் மேல் ஊர்ந்த புழு அதைவிட மூத்ததாக இருக்க வழியில்லை.

"ஏழாவது அடுக்குல சாம்பலா?" குரல் இறங்கிவிட்டது. "பச்சையா ஒரு கோடு ஓடிச்சு. வெறும் களிமண்ணுன்னு நான் ஒதுக்கிட்டேன்."

கதவு மறுபடி படாரென்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருஷப் பேரை ஒரே காகிதத்தில் கவிழ்த்துவிட்டோமே என்று மருமகளுக்குக் கண் கலங்கியது. இனி இந்த வீட்டில் எந்த முகத்தோடு வந்து உட்காருவது?

"எத்தனை தடவை ஓட்டிப் பார்த்த?"

"மூணு, மாமா."

"அப்பச் சரிதான்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெல்லச் சிரித்தார். "அறுபத்திரண்டுன்னா பாவம், அவ்வளவு பெரிய கடல்ல அது தன்னந்தனியா ஊர்ந்திருக்கும். அம்பத்தஞ்சுன்னா அக்கம்பக்கத்துல ஆளுங்க இருந்திருப்பாங்க. பேச்சுத்துணைக்காவது ஆச்சு."

அப்போதே மியூசியத்துக்குப் போன் போட்டார். "பலகையில எண்ணை மாத்தணும். ஆமா, என் தப்புதான். 'முதல்'ங்கற வார்த்தையையும் எடுத்துடுங்க. புழு இருக்கட்டும்."

மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஆனா யாரு அனுப்பியிருப்பா?" மாமனாருக்கு யோசனை விடவில்லை. "எனக்கு ஆகாதவன் எவனோ கவுக்கப் பார்த்திருக்கான். அவனுக்குத் தெரியாமலே நல்லது பண்ணிட்டான். நாளைக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா மானம் கப்பலேறியிருக்கும். ஒண்ணுதான் புரியல. அணை கட்டி அந்த ஓடை தண்ணிக்குள்ள போயே இருபது வருஷமாச்சு. கல்லு எங்கேருந்து கிடைச்சுது அவனுக்கு?"

மாமியார் காலிக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு எழுந்தாள். சமையலறைப் பக்கம் இரண்டடி நடந்தவள், மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"உடைச்சது போக மிச்சக் கல்லு இருந்தா எடுத்துட்டு வாம்மா. கதவு அடிச்சுக்கிட்டே இருக்கு."