இரண்டாவது பூசை

ஐந்து வருடக் குத்தகை முடிந்து, மீதியைக் கட்டி, இன்று காலைதான் வேன் அழகேசனுக்குச் சொந்தமாகியிருக்கிறது. ஆனால் குத்தகைக்கு எடுத்த அன்றே சொந்த வண்டி என்று மனைவி கலாவதியிடமும் கோலா சிலாங்கூர்த் தோட்டம் முழுக்கவும் சொல்லி, பூசையும் போட்டுவிட்டான். அதனால்தான் சும்மா ஒரு சுற்று என்று அவளை ஏற்றிக்கொண்டு, தெரிந்தவர் யாருமில்லாத கோலா குபு பாரு கோயில் வாசலில் வந்து நிற்கிறான். உச்சி வெயில் பம்பரின் துருவை ஒளிக்காமல் காட்டுகிறது. தேய்ந்த டயரைப் பார்த்துக்கொண்டே பூசாரி, "புது வண்டிங்களா?" என்கிறார். அழகேசன் சாவிக்கொத்தையே திருகிக்கொண்டிருக்கிறான். கலாவதி இறங்குகிறாள். கைப்பையைத் திறந்து, வீட்டிலிருந்தே கொண்டுவந்த நாலு எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைக்கிறாள். "இப்ப வண்டிய ஏத்துங்க," என்கிறாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.