அப்பாவின் செட்

அவள் போனை அணைத்துவிட்டு அறைக்குள் வருவதற்குள், "செட்!" என்றார் அப்பா.

காலையிலிருந்து இதே கூத்து. மகள் கையிலிருந்த சட்டையைப் பெட்டிக்குள் வீசினாள்.

பக்கவாதம் வந்து அவர் பேச்சை வழித்துத் துடைத்துக்கொண்டு போனபோது, இந்த ஒரு சொல்லை மட்டும் எப்படியோ விட்டுவிட்டுப் போயிருந்தது. காதுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாழ்நாளெல்லாம் ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுத்த மனிதர். ஒரே ஒரு சொல்தான் மிஞ்ச வேண்டுமென்றால் 'பசி' மிஞ்சியிருக்கக் கூடாதா? 'தண்ணி' மிஞ்சியிருக்கக் கூடாதா? அகராதியில் பக்கம் பக்கமாக இடத்தை அடைத்துக்கொண்ட சொல்லா மிஞ்ச வேண்டும்?

சாயங்காலம் முதியோர் இல்லத்து வண்டி வந்துவிடும். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வண்டி வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அண்ணனின் யோசனை. மனுஷன் ஏதோ ஒன்றைக் கேட்கிறார், அதையாவது கூடவே வைத்து அனுப்பாவிட்டால் அவளுக்கு ஜென்மத்துக்கும் தூக்கம் வராது.

பல் செட்டைக் காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா ஆசையாக வாங்கிய டீ செட். அதுவும் இல்லை. செஸ் செட்டைக் கண்டதும் கோபமாகக் கட்டிலைத் தட்டினார். தலையணை செட் ஆகவில்லையா? அலாரம் செட் பண்ண வேண்டுமா? கூட வாக்கிங் வந்த பழைய செட்டைக் கூப்பிட வேண்டுமா? அந்த செட்டில் பாதிப் பேர் இப்போது இல்லை என்பது அவருக்கே தெரியும்.

கடைசியில் அவர் தொகுத்த அகராதியையே அலமாரியிலிருந்து இறக்கினாள். படிக்கப் படிக்க எரிச்சல்தான் ஏறியது. போதாக்குறைக்கு அந்தச் சொல்லுக்குப் பூர்வீகம் வேறு இரண்டு. ஒன்று பழைய ஆங்கிலம்: உட்கார வை. இன்னொன்று லத்தீனிலிருந்து சுற்றி வளைத்து வந்தது: பின்னால் வருகிறவர்கள்.

தூக்கி உட்கார வைத்துப் பார்த்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். பின்னால் வருகிறவர்கள் என்றால் அவளும் அண்ணனும்தான். அண்ணனோ போனில் மட்டும் வருகிறான்.

"என்னதாம்ப்பா வேணும் உங்களுக்கு? ஏன் இப்படி உசுரை வாங்குறீங்க?"

அப்பா வாயைத் திறக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அகராதி ஆபீசிலும் இப்படித்தானாம். யாராவது ஒற்றைச் சொல்லை நீட்டி அர்த்தம் கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருமாம். வாக்கியம் எங்கே, முன்னால் என்ன இருக்கிறது, அதை முதலில் வாசி என்று திருப்பி அனுப்பிவிடுவாராம்.

போன் அடித்தது. அண்ணன்தான். அவள் எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள்.

"ஆமாண்ணா. அப்பாவை இன்னிக்கே அனுப்பிடுறேன்."

"செட்!"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

காலையில் வண்டி டிரைவர் போனில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னாள். மத்தியானம் இல்லத்து மேலாளரிடமும் இதே நடையில் நின்று இதைத்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவள் வாய் மூடுவதற்குள் அந்தச் சொல் வந்திருந்தது. மற்ற நேரத்தில், என்ன வேண்டும் என்று அவள் கெஞ்சிக் கேட்டபோதெல்லாம், அவர் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.

திறந்து கிடந்த பெட்டிக்குள் பல் செட்டும் டீ செட்டும் தெரிந்தன.

வாசலில் ஹாரன் அடித்தது. அண்ணன் போனில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான்.

அவள் அறைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"அப்பா எங்கேயும் போகலண்ணா."

காத்திருந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.