கீழ்வீட்டுக்குப் போகும் சத்தம்

"நிர்த்தண்டா" என்றார் கீழ்வீட்டு ஜிபி, மறுபடியும் எங்கள் வாசலில் நின்றுகொண்டு.

முதல் தடவை வந்தபோதே எனக்குச் சுர்ரென்று ஏறியது. நிறுத்தச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். கல்யாணமாகி வந்த பொம்பளையைப் பார்த்து என்ன 'டா'? தாராபுரத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என் அண்ணன் செவிளைப் பேர்த்திருப்பான்.

ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். பயம்தான். அசோசியேஷனுக்குப் புகார் போனால் என் எலெக்ட்ரானிக் டிரம் வடகரப்பதிக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விடும். அதன் மேல் மிளகாய் காயப்போட அவர் தயாராக இருக்கிறார். டிரம்மையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் நான் கழுத்தை நீட்டினேன். அதுவும் போய்விட்டால் இந்தப் பாலக்காட்டு ஃபிளாட்டில், மூன்றாவது மாடியில், பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஹெட்போன் போட்டுக்கொண்டால் சத்தம் என் காதோடு சரி. காலால் மிதிக்கிற பெடல் மட்டும்தான் தொம் தொம்மென்று தரை வழியாகக் கீழே இறங்கும்.

கீழ்வீட்டுக்காரர் நிறுத்தச் சொல்கிறார் என்று என் வீட்டுக்காரர் சந்துருவிடம் சொன்னேன். அவர் வடகரப்பதித் தொழுவத்திலிருந்து, மாட்டுக்கு விரிக்கிற ரப்பர் பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் மேல் ஒரு பலகை, பலகை நிறைய டென்னிஸ் பந்துகள், பந்துகளுக்கு மேல் இன்னொரு பலகை. பெடலை மிதித்தால் அடிக்கிற சுத்தியல் தலைக்குப் பஞ்சு சுற்றினேன். இந்த வாரம் மிதித்தால் எனக்கே கேட்கவில்லை.

அதற்கப்புறமும் வந்து நிற்கிறார்!

"உள்ள வந்து பாருங்க சார். இதுக்கு மேல நான் என்னதாங்க பண்றது?" கத்தியே விட்டேன்.

வந்தார். பாயைப் பார்த்தார், பந்துகளைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, கையெடுத்துக் கும்பிட்டு, அதே வார்த்தையைச் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சந்துரு வீட்டில் இருந்தார். தலை துவட்டிக்கொண்டே வந்தவர் துண்டோடு நின்றுவிட்டார்.

"அட கெரகமே! நிர்த்தண்டான்னா மலையாளத்துல நிறுத்த வேண்டாம்னு அர்த்தம், பிரதீபா."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. இந்த மனுஷனை மனசுக்குள் என்னவெல்லாம் வைதிருக்கிறேன்.

ஆனால் கீழே இருப்பவருக்கு இந்தத் தொம் தொம் எதற்கு? நான் கேட்பதற்குள் சந்துரு பலகைகளை இழுத்துப் போட்டார். நான் பஞ்சைப் பிய்த்துவிட்டு, பெடலை வெறும் டைல்ஸ் மேல் வைத்து, உட்கார்ந்து வேகமாக மிதித்தேன்.

தொம் தொம் தொம் தொம்.

கீழேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. ஜிபியின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். நான் அவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

"நிமீ! ஓடல்லே, வீழும்!"

இது எனக்கே புரிந்தது. ஓடாதே, விழுந்துவிடுவாய். அதட்டலாக இருந்தாலும் அதில் சிரிப்பும் இருந்தது.

கால் நின்றது. மேலே ஓடுவதற்கு எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் இல்லை.

ஜிபி தணிந்த குரலில் சந்துருவிடம் ஏதோ சொன்னார். சந்துரு என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்.

"நமக்கு முன்னாடி இந்த ஊட்ல இவங்கதான், நிமிங்கற கொழந்தையோட இருந்தாங்களாமா."

ஜிபி எங்கள் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கட்டடத்திலேயே எங்கள் பால்கனிக்கு மட்டும்தான் கைப்பிடிச் சுவரிலிருந்து கூரை வரைக்கும் கம்பி அடைத்திருக்கிறது. புறா வராமல் இருக்க என்று ஹவுஸ் ஓனர் சொல்லியிருந்தார்.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

கீழே அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டார். இப்போது சிரிப்பு இல்லை, பயந்த குரல்.

"நிமீ?"

பெடலை மிதித்தேன்.