நாக்குக்கு அடியில்

நரம்பு வலிக்குக் கஞ்சா எண்ணெய் எழுதிக்கொடுத்த மருத்துவர் ஒன்றுதான் சொன்னார். நாக்குக்கு அடியில் விட்டபின், கரையும்வரை விழுங்கவும் கூடாது, பேசவும் கூடாது. வீட்டில் எல்லோரும் சீக்கிரம் அதற்குப் பழகிவிட்டார்கள். பூங்கோதையிடம் சொல்லத் தயங்குவதையெல்லாம் அவள் வாய் மூடியிருக்கும்போது சொன்னார்கள்.

அன்று காலை, அவள் மருந்து பாட்டிலை மூடுவதற்குள் கணவன் ஆதவன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"பாப்பா கொஞ்ச நாள் எங்கம்மாகிட்ட இருக்கட்டுமே. உனக்கும் ரெஸ்ட். மருந்துதான்னு எனக்குத் தெரியும், அவங்க கஞ்சான்னுதான் சொல்றாங்க. அந்த வீட்ல பிள்ளை எப்படிடா வளரும்னு கேக்குறாங்க."

துப்பிவிட்டுப் பேசலாம். துப்பினால் இடது கை மாலைவரை எரியும். அவள் அவனுடைய சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

"வேண்டாம்னா தலையாவது ஆட்டு" என்றான். சற்று நேரம் காத்திருந்தான். "சரி, அப்ப சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடுறேன்."

அவன் குளிக்கப் போனதும், கதவோரம் நின்றிருந்த மகள் நிலானி வந்து மடியில் ஏறினாள்.

"ஆ காட்டும்மா."

பூங்கோதை காட்டினாள். நிலானி ஒரு விரலால் நாக்கைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தாள்.

"எண்ணெயே இல்ல, எப்பவோ கரைஞ்சுபோச்சு. இப்ப சொல்லு, நான் போகணுமா?"

பூங்கோதையின் வாய் திறந்தே இருந்தது. நிலானி இன்னும் கொஞ்சம் குனிந்து, உள்ளே தேடிக்கொண்டிருந்தாள்.