நாலு மணிக்குள் ஒரு பொத்தான்

"தம்பி இன்ஷாப், நாலு மணிக்கு அண்ணை லண்டனிலயிருந்து கோல் எடுப்பார். அதுக்கு முன்னம் இந்த வைஃபை பொத்தான் வேலை செய்தே ஆகோணும், சொல்லிப்போட்டன்!"

இரத்தினேஸ்வரி அன்ரி போட்ட சத்தத்தில் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லே அதிர்ந்திருக்கும். கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து பறந்து வந்த இன்ஷாப் லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். குற்றம் அவனுடையதுதான். போன மாதம் பழைய லப்டொப்பிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, "இனிப் புதுசு மாதிரி ஓடும் அன்ரி" என்று லினக்ஸ் போட்டுக்கொடுத்தவன் அவன். ஓடத்தான் ஓடியது. விளிம்பிலிருந்த வைஃபை பொத்தான்தான் செத்துப்போனது.

"பொத்தானை விடுங்க அன்ரி. திரையில இருக்கிற இந்த அடையாளத்தை மவுசால அமத்தினாலும் அதே வேலைதான்."

"அதெல்லாம் சரிவராது. போன ஞாயிறு இந்தப் பொத்தான் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்கெல்லோ தெரியும்!" அன்ரிக்குக் குரல் தழுதழுத்தது.

இன்ஷாப்புக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. ஒரேயொரு அண்ணன். கிழமைக்கு ஒருக்கால் கதைக்கிறதையும் கெடுத்துவிட்டேனே பாவி!

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்டினான். பொத்தானை அமத்துவது லினக்ஸுக்கு விளங்கவேயில்லை. மொடியூல் எனும் மென்பொருள் துண்டொன்று பொருந்தாமல் குறுக்கே நின்றது. அதை நிறுத்தி, சரியானதை ஏற்றி, மெஷினை மூடித் திறந்தான். பொத்தானை அமத்த வைஃபை லைட் அணைந்தது. திரும்ப அமத்த எரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!"

"நீங்கள் நல்லா இருக்கோணும் தம்பி!"

சொன்னபடி நாலு மணிக்கு மணியடித்தது. திரையில் அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்தார். "அண்ணை!" என்று உருகினார் அன்ரி. பார்த்துக்கொண்டிருந்த இன்ஷாப்புக்குக் கண் கலங்கியது.

"தங்கச்சி, புது கரோக்கே மெஷின் வாங்கினனான். இண்டைக்கு இருபது பாட்டு! போன கிழமை மாதிரி கடைசிமட்டும் இருந்து கேக்கோணும், என்ன?"

"பாடுங்கோ அண்ணை, பாடுங்கோ!"

முகத்துச் சிரிப்பு கொஞ்சமும் வாடாமல், அன்ரியின் விரல் மட்டும் லப்டொப்பின் விளிம்புக்கு ஊர்ந்து போனது. முதல் வரி முடியமுன் லைட் அணைந்தது. திறந்த வாயோடு அண்ணன் அப்படியே உறைந்து நின்றார்.

"மவுசைத் தேடினால் ஆள் கண்டுபிடிச்சிடுவார், தம்பி," என்றார் அன்ரி. "வாங்கோ, இனி ஆறுதலா இருந்து தேத்தண்ணி குடிப்பம்."