பாதி போட்டோ

“கிழிசல் இன்னும் கொஞ்சம் தெளிவாத் தெரியணும்மா. அதுதானே என் வாழ்க்கை!” என்றார் முதலாளி.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ. புத்தம்புது சைக்கிள்மேல் ஷூவும் சாக்ஸுமாய் ஒரு கொழுகொழு பையன். அவன் விழாமல் சீட்டைப் பிடித்தபடி, கிழிந்த தொளதொளச் சட்டையும் ஒட்ட வெட்டிய தலையுமாய், காலில் செருப்புகூட இல்லாமல் ஒரு நோஞ்சான் பிள்ளை.

“சைக்கிள்ல உக்காந்திருக்கிறவனை வெட்டிடு. பணக்கார வீட்டுப் பையன். என் போட்டோவுல அவனுக்கென்ன வேலை?”

டிசைனர் பெண் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிரைவர் கதவைத் திறந்துவிட்டால்தான் காரைவிட்டு இறங்குகிற மனிதர், ஒரு காலத்தில் இப்படியா? லீவு தரமாட்டேன் என்கிறாரே என்று நேற்றுவரை திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

“சார், காதுல குச்சி மாதிரி என்னமோ தெரியுது...”

“பழைய படம்மா, ஏதாவது கறையா இருக்கும். தொடச்சிடு.”

துடைத்தாள். கொழுகொழு பையனும் சைக்கிளும் ஒரே சொடுக்கில் போய்ச் சேர்ந்தார்கள். சீட்டைப் பிடித்திருந்த கை மட்டும் சும்மா நீட்டிக்கொண்டு நின்றது.

“கையையும் எடுத்திடவா சார்?”

“வேண்டாம், வேண்டாம். யார்கிட்டயோ எதையோ கேக்குற மாதிரி இருக்கு. பாக்கிறவங்க மனசு உருகிடும்.”

உருக வேண்டியவர்கள் விருதுக்காரர்கள். ஏழ்மையில் பிறந்து சொந்த உழைப்பால் உயர்ந்தவர்களுக்கு ஓர் அறக்கட்டளை தரும் விருது அது. காரும் பங்களாவும் முதலாளியிடம் ஏற்கெனவே இருந்தன. ‘தானாக முன்னுக்கு வந்தவர்’ என்று யாராவது மேடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஜென்மம் சாபல்யமாகிவிடும். அந்த ஆசையில் மனிதருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. விண்ணப்பத்தோடு சின்ன வயசுப் போட்டோ ஒன்றும் கேட்டிருந்தார்கள்; பாதிப் போட்டோ பறந்தது.

அடுத்த வாரமே அறக்கட்டளைத் தலைவி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. முதலாளி ஏசியை அணைக்கச் சொன்னார். மோதிரமும் வாட்ச்சும் மேசை டிராயருக்குள் போயின. கேட்டால் விவரம் சொல்லட்டும் என்று டிசைனர் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

தலைவி வந்தார். நரைத்த தலை, கனமான கண்ணாடி, கையில் அந்தப் போட்டோ.

“வழக்கமா நான் யாரையும் தேடிப் போறதில்லைங்க. இதைப் பார்த்ததும் இருப்புக் கொள்ளல, கிளம்பி வந்துட்டேன்.”

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. விருது தானே நடந்து வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறதே!

“இது நீங்கதானா?”

“சாட்சாத் நானேதாங்க! எங்கம்மா பாத்திரம் தேய்ச்ச வீட்ல குடுத்த பழைய சட்டை அது. அதைத்தான் துவைச்சுத் துவைச்சுப் போட்டுக்குவேன்.”

“அந்த வீட்ல உங்க வயசுல பிள்ளைங்க யாரும் இருந்தாங்களா?”

“ஒருத்தன் இருந்தானே, ராட்சசன்!” முதலாளிக்குக் குரல் ஏறியது. “நான் பசியோட நிப்பேன். எதிர்ல உக்காந்து மூக்கு முட்டத் தின்னுட்டு, மிச்சத்தை நாய்க்குப் போடுவான். என் முதுகுல ஏறிக்கிட்டு வீடு பூரா சவாரி போவான். ஒரு நாளாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பானா? படுபாவி, இப்ப எங்க இருக்கானோ, நல்லாவே இருக்கமாட்டான்!”

டிசைனர் பெண் விசும்பியேவிட்டாள். தலைவிக்கும் கண் கலங்கியது. முதலாளிக்கே அழுகை வந்தது. பொய்யழுகைகூட இல்லை, தன் கதையில் அவரே கரைந்துபோயிருந்தார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். போட்டோவை மேசைமேல் வைத்து, அந்த ஒட்ட வெட்டிய தலையை விரலால் தடவினார்.

“பேன் தொல்லை தாங்காம எங்கம்மா எனக்கு முடியை இப்படி வெட்டிவிட்டிருந்தாங்க. பார்க்கிறவங்க எல்லாரும் பையன்னுதான் நினைப்பாங்க.”

முதலாளி சட்டென்று போட்டோவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

தலைவி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தபடி எழுந்தார்.

“நீங்க அவ்வளவு மோசமில்ல, சின்னய்யா.”